மிச்சச் சோறு

என் வீட்டுக்காரர் சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டார் என்பதற்காக ஒரு நாள் துப்பாக்கியோடு ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “சும்மா கதை விடாதீங்க லா” என்கிறார்கள். சிரிக்கட்டும். தட்டில் பாதிச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ‘டயட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கு, அந்தப் பாதிச் சோறு ஒரு குடும்பத்தையே ஆட்டி வைத்தது என்றால் எப்படிப் புரியும்?

நாங்கள் இருந்தது மலாக்கா பக்கம், லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டிய ஒரு ரப்பர் தோட்டம். அவசரகாலம் என்று அறிவித்து, துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட்ட கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்கார் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல்தான். அங்கே ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கி எஸ்.சி. என்று நாங்கள் கூப்பிட்ட காவல்காரப் பையன்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். பால் வெட்டப் போகிற ஆள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண். கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பாள், பாவி. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு நம் கையால் ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். சந்தேகம் வந்தால் விசாரணை எல்லாம் பெரிதாகக் கிடையாது. முள்வேலி முகாமில் அடைப்பார்கள், இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு நோய் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். நல்ல வாட்டசாட்டமான மனிதர். மரத்துக்கு மரம் அவர் ஓடுகிற ஓட்டத்தில் நான் என் நிரையில் பாதிகூட முடித்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில் சட்டைக்குள் உடம்பைத் தேட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. கட்டையில் இடித்துக்கொண்ட பெருவிரல் புண் ஆறவே இல்லை, மஞ்சள் வைத்தும் ஆறவில்லை. ஒரு நாள் குளிக்கிற இடத்தில் அவர் ஒதுங்கிவிட்டு வந்த மூலையில் எறும்பு மொய்த்திருப்பதைப் பார்த்தேன். யாரும் பார்ப்பதற்குள் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

தோட்டத்திலேயே மருந்தகம் இருந்தது. ஆனால் அங்கே போகவில்லை. அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரசர் தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவர். இவருக்கு என்ன என்று அவருக்குத் தெரிந்தால் மறுநாளே துரைக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம்தான், நெஞ்சில் சளி கட்டி ரத்தம் துப்பிய ஒருவரைப் பேரேட்டிலிருந்து வெட்டிவிட்டு, அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். சட்டி பானையோடு அந்தக் குடும்பம் லாரிக்குக் காத்திருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வேலை செய்கிறவனுக்குத்தான் லயத்தில் வீடு. நோயாளிக்கு என்ன வீடு?

அதனால் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ் உதவியாள், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, இவருடைய சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விளக்குச் சுடரில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

“பாத்தீங்களாம்மா? நீலமாவே இருந்தா நல்லது. இது செங்கல்லு. இனிப்புநீரு” என்றார். பிறகு டாக்டர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் சொன்னார். “சோத்தக் கொறைக்கணுமாம். ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி, அதுக்கு மேல கூடாது.”

“சீனியத்தானய்யா நிறுத்தணும்? சோறு என்னா பண்ணுச்சு?” என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“சோறும் சீனிதாம்மா. வாயில இனிக்காது, வயித்துக்குள்ள போனா அதே வேலதான். கஞ்சி, மரவள்ளிக் கெழங்கு, சக்கரவள்ளி, ரொட்டி எல்லாம் அதே சாதி. கீரை, முட்டை, மீனு, பருப்பு இதுலதான் வயித்த ரொப்பணும். கோப்பித் தண்ணியில பால் டின்னு ஊத்தாதீங்க. அப்பறம், இன்னொன்னு சொல்றாரு. காலு ஜாக்கிரத. இந்தக் கட்டுப்பாட்ட விட்டுட்டா, அடுத்து வர்ற புண்ணு ஆறாது. கால எடுக்கறதத் தவிர வழி இருக்காது.”

திரும்பி வந்து லூபோக் சீனாவில் இறங்கியதும் இவர் சொன்னார். “ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது புள்ள.” காலில்லாதவன் பால் வெட்ட முடியாது. பால் வெட்ட முடியாதவனுக்கு வீடில்லை. கையில் இரண்டு பெண் குழந்தைகள். சரி என்றேன்.

அன்றிலிருந்து அவர் தட்டு என் பொறுப்பு. ஒரு கரண்டி சோறு, தலை தட்டி. சுற்றிலும் கீரை, பருப்பு, நெத்திலி, கோழி இட்ட முட்டை. மரவள்ளிக் கிழங்கை விட்டுவிட்டு அதன் கொழுந்தைக் கிள்ளிச் சமைத்தேன். “கிழங்க விட்டுட்டு எலயத் திங்கிறாங்கடி இவங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணினாள். “எங்களுக்கு ஆட்டு வயிறு அக்கா” என்று நானும் சிரித்து மழுப்பினேன். அவரோ தட்டைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. அந்த ஒரு கரண்டியைத் தின்றுவிட்டு, “போதும் புள்ள” என்று எழுந்துவிடுவார். சமயத்தில் நானே மனசு கேட்காமல், “இன்னும் ஒரு கை வைக்கட்டுமா?” என்பேன். “வேணாம், வயிறு ரொம்பிருச்சு” என்பார். எவ்வளவு மனக்கட்டு உள்ள மனிதர் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

பலனும் தெரிந்தது. விரல் புண் ஆறியது. தாகம் குறைந்தது. மறுபடி மலாக்காவுக்குப் போனபோது குழாயில் நிறம் பச்சையோடு நின்றுவிட்டது. அந்த உதவியாள், “யாரும்மா சமையலு? நீங்களா? பரவால்லியே!” என்றார். என் பிள்ளை பரீட்சையில் தேறினது மாதிரி இருந்தது எனக்கு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அழுதுவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஆக்குகிற பொதுக் குசினி வந்தது.

அரிசியாக வீட்டில் இருந்தால் யாராவது ஒளித்துக் கடத்திவிடுவார்கள், சோறாக இருந்தால் ஒரு நாளில் ஊசிப்போகும், ஊசின சோற்றைக் காட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? இதுதான் கணக்கு. வீடு வீடாக வந்து இருந்த அரிசியையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆபீசுக்குப் பின்னால் பெரிய கொட்டகை போட்டு, அண்டாக்களில் மொத்தத் தோட்டத்துக்கும் சோறு வடித்தார்கள். குழம்பு, கறி வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சோறு மட்டும் அங்கேதான். மங்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பால் வெட்டுகிற ஆம்பிளைக்கு இவ்வளவு, பொம்பிளைக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று அளவு. ஆம்பிளை அளவு என்பது குவியலாக நிற்கும். மற்ற வீடுகளில் அது பத்தவில்லை என்று சண்டை. என் வீட்டில் அது மிஞ்சியது.

முதல் வாரம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவருடைய மங்குப் பாத்திரத்தை நீட்டும்போது, “இதுல கொஞ்சமாப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கரண்டி பிடித்தவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, “என்னா தங்கச்சி, வேற எங்கியாச்சும் அரிசி ஒளிச்சி வெச்சிருக்கீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற எஸ்.சி. சிரிக்கவில்லை. “சும்மா சொன்னேண்ணே, நெறையாப் போடுங்க” என்று நான் இளித்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மிஞ்சியதை என்ன செய்வது? குழந்தைகள் வயிறு எவ்வளவு பிடிக்கும்? நானும் தின்றேன், தொண்டை வரைக்கும் தின்றேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாளா? “ஒங்க ஊட்டுல மட்டும் எப்புடிடி மிஞ்சுது?” என்று கேட்பாள், கேட்டதைக் குழாயடியில் சொல்லுவாள். கால்வாயில் கொட்டினால் எஸ்.சி. பார்ப்பான். பார்க்காவிட்டாலும் என்னால் கொட்ட முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு பிடி அரிசிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? சோற்றைக் கொட்டுகிற கை எங்களுக்குக் கிடையாது.

சோறு மிஞ்சினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? வடகம் போடுவோம். இதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலையா? மிஞ்சின சோற்றில் உப்பும் மிளகாயும் சீரகமும் போட்டு மசித்து, கிள்ளிக் கிள்ளி முறத்தில் வைத்து, குளிக்கிற கொட்டகைத் தகரத்தின் மேல் வெயிலில் காய வைத்தேன். நன்றாகச் சுக்காகக் காய்ந்ததும் பிஸ்கட் டின்னில் கொட்டி அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தேன். மழைக்காலத்தில் குழந்தைகளுக்குப் பொரித்துக் கொடுக்கலாம். டின் நிறைந்தது. இன்னொரு டின் எடுத்தேன். அதிகாரிகள் சோறாக்கிப் போட்டதே கெட்டுப்போகட்டும் என்றுதான், அதையே நான் ஒரு வருஷம் கெடாத மாதிரி காய வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. அதைத் தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பாட்டைப் பாழாக்காமல் வைத்தால் குற்றமென்று சட்டம் போட்டவனைப் போய்க் கேளுங்கள்.

லயத்துச் சோதனை வந்த அன்று அந்த இரண்டு டின்னும் சிக்கின. ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கூட நாலைந்து எஸ்.சி.க்கள், மொழிபெயர்க்க, ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. அதிகாரி டின்னைத் திறந்து கைநிறைய அள்ளிப் பார்த்தார். மோந்து பார்த்தார். என்னமோ தங்கத்தைக் கண்டுபிடித்த மாதிரி முகம் மாறியது.

“இது என்னான்னு கேக்குறாரு” என்றார் கிராணி.

“வடகங்க. சோத்து வடகம்.”

“எனக்குத் தெரியாதா வடகம்? யாருக்கு இதுன்னு கேக்குறாரு.”

“எங்களுக்குத்தான். புள்ளைங்களுக்கு.”

“தோட்டத்துல அத்தன பேரும் சோறு பத்தலன்னு அழுவுறான். ஒங்க வீட்டுல மட்டும் ரெண்டு டின்னு மிஞ்சுதா? யாரு சாப்புடாம மிஞ்சுது?”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்றுகொண்டு, சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். சொன்னால் வீடு போச்சு. சொல்லாவிட்டால் முகாம். கடைசியில், “நான்தாங்க அவருக்குத் தெரியாம எடுத்து வெச்சேன். எனக்கு மழைக்காலத்துல வடகம் இல்லாம எறங்காது” என்று உளறினேன்.

கிராணிக்கு என்மேல் இரக்கமா, இல்லை நாளைக்கு வேலைக்கு ஆள் குறையுமே என்ற கவலையா, தெரியாது. அதிகாரியிடம் வெகுநேரம் பேசினார். இந்தப் பொம்பிளைகளுக்குப் புத்தி இல்லை, இது எங்கள் ஜனங்களின் பழக்கம் என்றெல்லாம் சொல்லியிருப்பார். ஒரு வழியாகத் தீர்ப்பு வந்தது. டின்கள் பறிமுதல். எங்கள் குடும்பம் இனிமேல் சோற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. குசினிக் கொட்டகையிலேயே, எஸ்.சி. கண்முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுப் போக வேண்டும். மறுபடி எங்கள் பெயர் அடிபட்டால் என் வீட்டுக்காரர் முகாமுக்கு.

“பொழச்சிப் போங்க” என்றார் கிராணி, பெரிய உபகாரம் பண்ணின மாதிரி.

மறுநாள் கொட்டகையில் பலகை போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கீரையையும் முட்டையையும் அவர் தட்டில் வைத்தேன். அந்தக் குவியல் சோற்றுக்கு முன்னால் அது எங்கே காணும்? ஊரே வேடிக்கை பார்த்தது. எஸ்.சி. பையன், மீசைகூடச் சரியாக முளைக்காத மலாய்க்காரப் பையன், எதிரிலேயே நின்றான். அவர் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி என் தட்டில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். “ஜாங்கான்! இத்து டியா புஞ்யா!” என்று அதட்டினான். அது அவருடைய பங்கு, தொடாதே என்கிறான். அவர் என்னைப் பார்க்காமல் குனிந்து பிசைய ஆரம்பித்தார். பெரிய பெரிய உருண்டையாக உருட்டி விழுங்கினார். தட்டு வெறுமையானதும் எஸ்.சி. தலையாட்டினான்.

குடும்பத்துக்காக விஷத்தைத் தின்கிறாரே என்று நினைத்தேன். இப்படியே ஒவ்வொரு நாளும் பால் வெட்டி வந்து ஒரு குவியல், பொழுது சாய ஒரு குவியல். நான் கண்ணால் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புருஷன் வாய்க்குள் போகிற சோற்றைத் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை எப்படிப் பொறுப்பது? தாகம் திரும்பி வந்தது. எறும்பும் திரும்பி வந்தது. நான் வாளியும் கையுமாக அவர் பின்னாலேயே அலைந்தேன்.

பிறகு குதிகாலில் ஒரு புண். முள் கீறினதுதான், கடுகளவு. அது வாய் பிளந்துகொண்டே போனது. துணி சுற்றிக் கான்வாஸ் சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார். ரப்பர் பாலின் புளித்த நாற்றத்தில் வளர்ந்த மூக்கு என்னுடையது. அதற்கே அந்தப் புண்ணின் வாடை தாங்கவில்லை.

“சொல்லிருவமாங்க?” என்று கேட்டேன். “எனக்குப் பயமா இருக்கு. அந்த டாக்டரு சொன்னாருல்ல?”

“சொன்னா? வீடு போயிரும். ரெண்டு புள்ளைங்களயும் வெச்சிக்கிட்டு எங்க போயி நிப்ப? கொஞ்ச நாள் போவட்டும். இந்தக் காவலு எல்லாம் தளந்துரும்.”

“தளர்றதுக்குள்ள காலு போயிருமே!”

“போவாது, போவாது. சும்மா இரு புள்ள.”

சும்மா இருந்தேன். எத்தனை நாள் இருப்பது? ஒரு நாள் சாயங்காலம், நல்ல மழை. கொட்டகைத் தகரம் பேச்சுக் கேட்காத அளவுக்கு அதிர்ந்தது. அன்றைக்கு நான் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் நடந்து வந்து உட்கார்ந்தபோது வலியில் முகம் கோணியது. சப்பாத்து ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது, மழை ஈரம் இல்லை. உட்கார்ந்தவர் குழம்பைக் குழி பறித்து ஊற்றிக்கொண்டு, பிசைந்து, உருட்டி, வாயில் போட்டார். எனக்குள் என்னமோ அறுந்துபோனது. வீடாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது. அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

அவர் விடவில்லை.

மறுபடி இழுத்தேன். இடது கையால் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “விடு புள்ள. இன்னும் ரெண்டு வாய்தான்” என்றார். எஸ்.சி.க்குக் கேட்க வேண்டும் என்று சொன்னது இல்லை. மழை சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிச்சை கேட்கிற குரல். நான் ஒரேயடியாகப் பிடுங்கினேன். தட்டு கவிழ்ந்து சோறு தரையில் கொட்டியது.

எஸ்.சி. கத்திக்கொண்டு ஓடி வந்தான். நான் அவனைவிட உரக்கக் கத்தினேன். “அவருக்கு இனிப்புநீருடா! சோறு ஆகாதுடா அவருக்கு!” அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், “டியா சாக்கிட்! கெஞ்சிங் மானிஸ்!” என்று மலாயில் கத்திக்கொண்டே அவர் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்தினார்கள். அந்தப் பையன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, “கெனாப்பா தக் சாகாப்?” என்றான் மெதுவாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறான். ஏன் சொல்லவில்லையாம்!

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. காட்டுக்குள் சோறு கடத்துகிறவர்கள் என்ற சந்தேகம் அன்றோடு எங்கள்மேல் இருந்து போய்விட்டது. கிராணி என்னைப் பார்த்து, “மொதல்லயே சொல்லியிருந்தா வடகத்துக்கு இவ்வளவு பாடு பட்டிருக்க வேணாமே” என்றார். அதே வாயால், இனிப்புநீர்க்காரனைப் பேரேட்டில் வைத்திருக்க முடியாது, மாதக் கடைசிக்குள் வீட்டை விட வேண்டும் என்று துரை சொன்னதையும் சொன்னார். தோட்டத்து லாரியிலேயே இவரை மலாக்காவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காய்ச்சல் விட்டு, கொஞ்சம் தெளிந்த ஒரு நாள், படுத்துக்கொண்டே மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும் புள்ள. திட்டாத.”

“சொல்லுங்க.”

“வேல போயிரும், வீடு போயிரும்னு பயந்துதான் தின்னேன்னு நெனச்சிக்கிட்டிருக்க. அதுவும் உண்மதான். ஆனா பசிச்சுது புள்ள. நீ ஒரு கரண்டி போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எனக்குப் பசி அடங்கவே இல்ல. போதும் போதும்னு எந்திரிச்சதெல்லாம் பொய்யி. மரத்துக்கு மரம் போவயில சோத்தையேதான் நெனச்சிக்கிட்டுப் போவேன். அந்தக் கொட்டாயில, தின்னுதான் ஆவணும்னு துப்பாக்கியோட நின்னானுங்க பாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வயிறாரத் தின்னேன்.”

திட்டாதே என்று சொன்னால் நான் திட்டாமல் இருந்துவிடுவேனா? வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாவி மனுசா, சோற்றுக்காகவா காலைக் கொடுத்தாய் என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். திட்ட வார்த்தை தீர்ந்துபோன பிறகு, அவர் மார்பில் தலை வைத்து அழுதேன். என் கையால்தானே போட்டேன், ஒவ்வொரு வேளையும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதருக்குப் பசித்தது எனக்குத் தெரியவில்லையே.

தஞ்சோங் கிளிங்கில் கடலோரமாக ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. நான் மீன் உப்புப் போட்டுக் காய வைக்கிற இடத்தில் வேலைக்குப் போனேன். அவர் உட்கார்ந்த இடத்தில் வலை முடையக் கற்றுக்கொண்டார். அங்கே வேலி கிடையாது. கடைக்குப் போனால் மூட்டையைத் திறந்து வைத்து அரிசி விற்றார்கள். யார் வீட்டில் எவ்வளவு சோறு, யார் தின்றார்கள், யார் மிச்சம் வைத்தார்கள் என்று கேட்க ஒரு நாய் கிடையாது. இன்னொரு கால் இருந்தது அவருக்கு. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள்.

அந்த வீட்டில் முதல் நாள் உலை வைத்து நானே சோறு வடித்தேன். அவர் கட்டைக் காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி போட்டேன். சுற்றிலும் கீரை, மீன் துண்டு, பருப்பு. அவர் தட்டைப் பார்த்தார். ஆவி பறக்கிற சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வேலி போட்டவன்கூட எனக்குச் சோறு போட்டான் புள்ள” என்றார்.

அவர் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. வெறும் தட்டை என் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அவருக்குப் பசிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நான் போடவில்லை.